கோச்சிப் பாட்டுக்கு ஆள் உண்டு

பாட்டு நல்லதாக இருந்தால் அது தானாகவே ஊர் சுற்றும் என்பது றொஹானின் கட்சி. தானாக ஊர் சுற்றுவது தெருநாய்தான், பாட்டில்லை என்பது ஷாமிலாவின் கட்சி. கல்யாணம் கட்டின நாளிலிருந்து கொட்டாஞ்சேனையில் ஒரே மாடி வீட்டுக்குள் இந்த இரண்டு கட்சியும் நடந்துகொண்டிருக்கிறது. றொஹான் அதிகம் பேசமாட்டான்; கிற்றாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நரம்பு முறுக்கத் தொடங்கிவிடுவான். அது அவன் தோற்றதற்கு அடையாளம் என்று ஷாமிலா எடுத்துக்கொள்வாள்.

பகலில் அவள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு இறக்கிக் கொடுக்கும் ஒரு கந்தோரில் வேலை பார்க்கிறாள். கொள்கலன் வந்ததா, கடதாசி வந்ததா என்று நாள் முழுக்க தொலைபேசியில் மூன்று மொழியில் கத்துவது அவளுடைய உத்தியோகம். தொண்டைக்கு அது நல்ல பயிற்சி என்பாள். சின்னவளாக இருந்தபோது கோயில் பாடகர் குழுவில் பாடினாள். மற்றப் பிள்ளைகளின் குரலும் கொஞ்சம் கேட்கட்டும் என்று சொல்லி ஃபாதர் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தினார். வேறு யாராக இருந்தாலும் மனம் நொந்திருக்கும். ஷாமிலா அதை இன்றைக்கும் தனக்குக் கிடைத்த முதல் பட்டம் மாதிரித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அவளும் றொஹானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து நடத்தும் இசைக்குழுவின் பெயர் 'பதின்மூன்று'. கொட்டாஞ்சேனை கொழும்பு பதின்மூன்று என்பதால் வைத்த பெயர். மருதானையில் ஒரு கடையில் ஒலிபெருக்கி பழுது பார்க்கும் றொஹான் கிற்றார் வாசிப்பான், மெட்டும் போடுவான். சிறில் டிரம்ஸ். கீபோர்ட் வாசிப்பவன் கிஷாந்த். வெள்ளவத்தைப் பிள்ளை, வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், பகலில் வங்கியில் கம்பியூட்டர் வேலை. ஷாமிலா பாடுவாள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அவளே பேசுவாள். பாட்டைவிடப் பேச்சு நன்றாக இருந்தது என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களை அவள் மன்னித்துவிட்டாள்.

கல்யாணம், பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, கந்தோர் ஒன்றுகூடல் என்று கொழும்பில் மேடைக்குக் குறைவில்லை. ஆனால் கூப்பிடுகிறவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: சினிமாப் பாட்டு. போன வாரம் வந்த படத்தின் பாட்டு இந்த வாரம் மேடையில் இருக்க வேண்டும். 'பதின்மூன்று' சொந்தமாக ஆறு பாட்டுப் போட்டு யூடியூபில் ஏற்றியிருந்தது. அவற்றைக் கேட்டவர்களில் பாதிப்பேர் ஷாமிலாவின் அம்மா புளோறன்ஸ். அந்த மனுசி காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம், கடமைக்குச் செபம் சொல்வதுபோல ஆறையும் ஓடவிடுவாள்.

சொந்தப் பாட்டை மேடையிலே வைத்துத்தான் விற்க வேண்டும் என்று ஷாமிலா முடிவு கட்டினாள். ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள், காதும் அங்கேதான் திறந்திருக்கிறது. முதலில் அவள் பாட்டின் வரலாற்றைச் சொல்லிப் பார்த்தாள். இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது, எந்த மழையில் பிறந்தது என்று அவள் தொடங்கினதும் சனம் எழும்பிச் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடும். சமையல்காரர்கள்கூட இதைக் கணக்கில் எடுத்து வைத்திருந்தார்கள். அக்கா வரலாறு சொல்லத் தொடங்கினால் மூடியைத் திற என்று ஒருத்தன் மற்றவனுக்குச் சொன்னதைச் சிறில் தன் காதால் கேட்டான்.

அடுத்தது ஸ்டிக்கர். போனில் படம் பிடித்தால் நேரே பாட்டுக்குக் கொண்டுபோகும் அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பெரிதாக அச்சடித்து டிரம்மின் முகத்தில் ஒட்டினார்கள். கொழும்பில் மீன் விற்கிறவனும் சல்லி வாங்க அதே மாதிரிச் சதுரத்தைத்தான் தொங்கவிட்டிருக்கிறான். முகத்துவாரத்தில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் நேரே மேடைக்கு வந்து, "எங்க வீட்டு விசேசத்தில வந்து வந்தவங்ககிட்ட கையேந்துறீங்களா?" என்று கேட்டார். பாட்டுக்குத்தான் என்று விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் ஷாமிலாவுக்கு வேர்த்துவிட்டது. ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார்கள்.

மூன்றாவதாக அவள் செய்ததுதான் சரியான வேலை. அதிலிருந்துதான் வினையும் வந்தது.

கொழும்பில் எந்த விருந்தும் பைலா என்ற துள்ளல் பாட்டு இல்லாமல் முடியாது. அதுவரைக்கும் பட்டுச்சேலை கசங்காமல் உட்கார்ந்திருந்த அன்ரிமாரும், கோட்டுப் போட்ட டொக்டர்மாரும், கடைசி அரை மணித்தியாலம் தாளம் மாறினதும் எழும்பிவிடுவார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு என்ற கதையே இல்லை. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு ஓடும். அந்த ஓட்டத்துக்கு நடுவில், அறிவிப்பு ஒன்றும் இல்லாமல், ஷாமிலா தங்கள் பாட்டு ஒன்றைச் சொருகினாள்.

அது கோச்சிப் பாட்டு. தெஹிவளையில் ஒரு கந்தோரில் வேலை பார்த்த காலத்தில், கோட்டை ஸ்டேசனிலிருந்து கடலோர ரயிலில் நின்றுகொண்டே போனில் தட்டித் தட்டி அவள் கட்டின பாட்டு. அவளுடைய வீட்டில் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். அதனால் அவளுக்கு வேறு சொல் வரவில்லை.

கோச்சி வருது, கோச்சி வருது,
கடலுப் பக்கம் சீட்டுப் பிடி – உன்
பேச்சைக் கேட்டு இடம் மறந்தேன்,
பாவி மனுசா, சங்கிலி பிடி!

றொஹான் போட்ட மெட்டு ரயில் ஓடுகிற மாதிரியே தடதடவென்று போகும். முதல் தரம் பாடினபோதே ஒருத்தரும் உட்காரவில்லை. ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை வைத்து மண்டபத்தைச் சுற்றி ரயில் விட்டார்கள். 'பாவி மனுசா' வருகிற இடத்தில் பெண்கள் தங்கள் தங்கள் புருசன்மாரைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினார்கள். மேடையில் நின்ற ஷாமிலாவுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், "பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்று றொஹானின் தோளைக் குத்திக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகு எல்லா மேடையிலும் கோச்சி ஓடியது. ஆட்கள் போனில் பிடித்து ஒருத்தருக்கு ஒருத்தர் அனுப்பினார்கள். சில மாதங்களில் அவர்களே வந்து கேட்கத் தொடங்கினார்கள். ஆனால் எப்படிக் கேட்டார்கள் என்பதில்தான் சங்கடம்.

"அந்தப் பழைய கோச்சிப் பாட்டு இருக்கே, அதைப் பாடுங்க."

முதல் இரண்டு மூன்று தரம் ஷாமிலா சிரித்தாள். பழைய பாட்டு என்று நினைக்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறதாக்கும் என்று மனதுக்குள் கொஞ்சம் தூக்கலாகவும் இருந்தது. நாலாம் தரம் சிரிப்பு வரவில்லை. பிறகு ஒருநாள் தெஹிவளையில் றொஹானின் ஒன்றுவிட்ட தங்கச்சியின் பிள்ளைக்குப் பிறந்தநாள். அன்றைக்கு வேறு ஒரு குழு வாசித்தது. அவர்களுடைய அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்துச் சொன்னான்: "அடுத்தது ஒரு பழைய சிலோன் பைலா. பாடினது யார் என்று தெரியாது, ஆனா பாட்டு எல்லாருக்கும் தெரியும்!"

கோச்சி ஓடத் தொடங்கியது. ஷாமிலா கையிலிருந்த கேக் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பினாள். பாட்டு முடிகிறவரைக்கும் மேடைக்குப் பக்கத்தில் நின்று, அந்த அறிவிப்பாளனைப் பிடித்தாள்.

"தம்பி, இது நாங்க போட்ட பாட்டு."

அவன் மரியாதையாகத்தான் சிரித்தான். "எல்லாருடைய பாட்டும்தானே அன்ரி" என்றான்.

பாட்டைப் பறித்தது பெரிதா, அன்ரி என்றது பெரிதா என்று அவளுக்கு அந்த நேரம் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பெற்றவளை முன்னால் வைத்துக்கொண்டே பிள்ளையை அநாதை என்று சொன்ன மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"நான்தான் சொன்னேனே" என்றான் றொஹான். "பாட்டு தானாவே ஊர் சுற்றுது."

"சுற்றுதுதான். வீட்டுப் பேர் தெரியாம சுற்றுது. நாளைக்கு நம்மளே பாடினாலும் பழைய பாட்டைப் பாடுறாங்க என்றுதான் சொல்லுவாங்க. உங்களுக்குச் சுடலையா?"

றொஹானுக்கும் சுட்டிருக்க வேண்டும். கிற்றாரை எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தான்.

அடுத்த மேடை வெள்ளவத்தையில். காலி வீதியில் பெரிய இரும்புக்கடை வைத்திருக்கும் நாகேந்திரத்தின் மகள் யதுஷாவுக்குக் கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை தேனுஜன் தெஹிவளைக்காரன். வெள்ளவத்தையில் யார் வீட்டுச் சடங்குக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஆலோசனை சொல்கிற அளவுக்கு நாகேந்திரத்துக்குச் செல்வாக்கு இருந்தது. அவர் வாய் திறந்து நல்லது சொன்னால் வருடம் முழுக்க மேடை. முகம் சுளித்தால் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை. இது குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த முறை அறிவித்தே தீருவது என்று ஷாமிலா நின்றாள். வரலாறு வேண்டாம், ஒரே ஒரு வசனம் போதும் என்று கிஷாந்த் சொன்னான். அவளும் சரி என்றாள். அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: எந்த ஊர் மேடையோ அந்த ஊர்த் தமிழ். நீர்கொழும்பு என்றால் பாதி சிங்களம் கலந்து பேசுவாள். வெள்ளவத்தை என்றால் 'ஓம்', 'எண்டு', 'கதைப்பம்' என்று கிஷாந்திடம் படித்து வைத்திருந்தாள். தங்கள் தமிழில் பேசினால் சனத்துக்கு மனம் குளிரும், காது கொடுக்கும் என்பது அவளுடைய தொழில் இரகசியம். ஆகவே 'நாங்க போட்ட பாட்டு' என்று வாயில் இயல்பாக வருவதை விட்டுவிட்டு, வெள்ளவத்தைத் தமிழில் இரண்டே சொல்லைத் தெரிந்தெடுத்தாள். நாலு நாளாகக் கண்ணாடிக்கு முன்னால் சொல்லியும் பார்த்தாள்.

அன்று பின்னேரம் சாமான்களை இறக்கிக்கொண்டிருக்கும்போதே முதல் தடை வந்தது. பெண்ணின் தாய் சரோஜினிதேவி டிரம்மைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இதென்ன பிள்ளை, பதின்மூண்டு எண்டு எழுதிக் கிடக்கு?"

"அது எங்கட குழுவின்ட பேர் அன்ரி. கொழும்பு பதின்மூண்டு."

"பேராய் இருக்கட்டும், கூடாத எண். கலியாண வீட்டிலை, படமெல்லாம் எடுக்கிற இடத்திலை, உது தெரியக்கூடாது. ஏதாலையும் மூடிவிடுங்கோ."

அலங்காரக்காரர்கள் வந்து, மிச்சமிருந்த ரோசா நிறத் துணியால் டிரம்மைச் சுற்றிக் கட்டி நடுவில் ஒரு பூச்செண்டும் குத்திவிட்டுப் போனார்கள். கல்யாணப் பொம்பிளைக்குப் பக்கத்தில் இன்னொரு பொம்பிளை மாதிரி டிரம் நின்றது. சிறிலுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஷாமிலா சிரிக்கவில்லை; இனிமேல் தங்கள் பெயர் இந்த மண்டபத்தில் தன் வாயில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்தாள்.

சினிமாப் பாட்டுகள் நன்றாகவே போயின. மாப்பிள்ளையும் பெண்ணும் கேக் வெட்டினார்கள். சாப்பாடு முடிந்து பைலாவுக்கு நேரம் வந்தது. பின்னல் தொடங்குமுன் ஷாமிலா கையைக் காட்டி வாத்தியங்களை நிறுத்தினாள். மண்டபம் கொஞ்சம் அமைதியானது. அவள் மைக்கை வாயருகே கொண்டுபோய், கண்ணாடிக்கு முன்னால் சொன்ன அதே பெருமிதத்தோடு சொன்னாள்:

"இனி, எங்கட பாட்டு!"

அப்படி ஒரு கைதட்டலை 'பதின்மூன்று' தன் வாழ்நாளில் கண்டதில்லை. விசில் பறந்தது. பின்வரிசையில் இருந்த வயதான ஆண்கள் எல்லாம் எழும்பி முன்னுக்கு வந்தார்கள். "அப்பிடிப் போடு பிள்ளை!" என்று ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஷாமிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாளும் இந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் போனோமே என்று தன்னைத் தானே நொந்துகொண்டாள். கோச்சி புறப்பட்டது. மாப்பிள்ளையின் கந்தோர் நண்பர்கள், சிங்களப் பிள்ளைகள், "தவ எகக்! தவ எகக்!" என்று இன்னொருதரம் கேட்டுக் கத்தினார்கள். பாடி முடித்தபோது அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். உலகத்தில் தன்னைவிடப் பெரிய ஆள் இல்லை என்று அந்த நிமிடம் அவளுக்குப் பட்டது.

அப்போதுதான் நாகேந்திரம் மேடையேறினார். மனிதர் ஆடிக் களைத்திருந்தார். முகமெல்லாம் சந்தோசம். ஷாமிலாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் ஒருக்கா இதைக் கேளுங்கோ. இப்ப எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் இந்தியாப் பாட்டுத்தான். இந்தப் பிள்ளை எங்கட நாட்டுப் பாட்டை, எங்கட ஆக்களின்ரை பாட்டை மறக்காமல் எடுத்துப் படிச்சிருக்கு. நான் சின்னனிலை ரேடியோவிலை கேட்ட பாட்டிது. அப்பவெல்லாம் ட்ரெயினைக் கோச்சி எண்டுதான் சொல்லுறது. படிச்ச ஆளின்ரை பேர் நாக்கு நுனியிலை நிக்குது, வருகுதில்லை."

நாக்கு நுனியில் நின்ற ஆள் அவருக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஷாமிலா மெல்ல நகர்ந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் போனாள். கிஷாந்தைச் சிங்களத்தில் தம்பி என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"மல்லி, என்ன மேன் நடந்தது? சரியாத்தானே சொன்னேன்?"

கிஷாந்த் நெற்றியைத் தடவினான். "அக்கா, இஞ்சை 'எங்கட' எண்டால் எல்லாருக்கும் சேர்த்துத்தான். எங்கட பாட்டு எண்டு நீங்கள் சொல்ல, சிலோன் ஆக்களின்ரை பாட்டு எண்டு விளங்கிப்போட்டினம். அதுக்குத்தான் அவ்வளவு கைதட்டு."

"நீதானே எனக்குச் சொல்லித் தந்த!"

"தமிழைத்தான் சொல்லித் தந்தனான் அக்கா. நீங்கள் இதுக்குச் சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியுமோ?"

மண்டபத்தில் ஐம்பது பேராவது போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எல்லாவற்றிலும் நாகேந்திரத்தின் பேச்சு ஏறிக்கொண்டிருந்தது. இது நாளைக்கு எல்லா வீட்டுக்கும் போகும். தெஹிவளையில் எவனோ ஒரு பையன் சொன்னது ஒரு பக்கம். வெள்ளவத்தையில் பெரிய மனிதர், தன் மகளின் கல்யாண மேடையில் நின்று, நான் சின்னனில் கேட்ட பாட்டு என்று சாட்சி சொல்வது இன்னொரு பக்கம். இதற்குப் பிறகு அவள் எந்தக் கோயிலில் சத்தியம் பண்ணினாலும் எடுபடாது. மறுத்துப் பேசினாலோ, பெண்ணைப் பெற்றவரைச் சபையில் பொய்யராக்கின பாட்டுக்காரி என்று பெயர் வரும். றொஹான் கிற்றாருக்கு மேலால் அவளைப் பார்த்தான். விட்டுவிடு என்று சொல்லும் பார்வை அது. அவளுக்கு நன்றாகவே விளங்கியது.

விட அவளுக்கு மனம் வரவில்லை. நெரிசலான ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கைப் பெருவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினது அவள். அதை யாரோ பெயர் தெரியாத ஆளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்க அவளால் முடியாது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு நாகேந்திரத்திடம் போய்க் கையை நீட்டினாள். அவர் மைக்கைக் கொடுத்தார்.

"தவ எகக் என்று கேட்டாங்கதானே" என்றாள். வெள்ளவத்தைத் தமிழெல்லாம் போய்விட்டது. வாயில் வந்தது கொட்டாஞ்சேனைதான். "இன்னொரு கண்ணி இருக்கு. அதையும் கேளுங்க. சிறில், தாளம்!"

றொஹானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னொரு கண்ணி இருப்பதாக அவனுக்குத் தெரியாது. இருக்கவும் இல்லை. ஆனாலும் சிறில் தட்டத் தொடங்கினதும் அவன் விரல் தானாகப் போனது. ஷாமிலா யதுஷாவையும் தேனுஜனையும் பார்த்துக்கொண்டே பாடினாள்:

வெள்ளவத்தை வந்தாச்சு,
யதுஷா இறங்கிப் போயாச்சு,
தெஹிவளைக்கு டிக்கெட் எடுத்த
தேனுஜன் பின்னால் இறங்கியாச்சு!

ஒரு கணம் சனத்துக்குப் பிடிபடவில்லை. பிறகு பெண்ணின் தோழிகள் கீச்சிட்டார்கள். தேனுஜன் வெட்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டான். ஷாமிலா நிறுத்தவில்லை. நாகேந்திரத்தின் பக்கம் திரும்பினாள்:

நாகேந்திரம் அங்கிள் கேட்டார்,
'ஆர் தம்பி நீர், எங்கை பயணம்?'
மாப்பிள்ளை சொன்னார், 'மாமா, மாமா,
மறந்துபோச்சு, எங்கை பயணம்?'

மண்டபம் வெடித்தது. சரோஜினிதேவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாகேந்திரமும் சிரித்தார், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய முகத்தில் ஏதோ கணக்குப் பிழைத்த மாதிரி ஒரு யோசனை வந்தது. யதுஷா மேடைக்குக் கீழே இருந்து கத்தினாள்:

"அக்கா, இது இப்பவோ கட்டினது?"

"ஓம் யதுஷா, இப்பத்தான்" என்றாள் ஷாமிலா மைக்கில். "முதல் கண்ணியையும் நான்தான் கட்டினேன். கோச்சியில நின்றுகொண்டு. இந்தா கிற்றாரோட நிக்கிறாரே, என் புருசன் றொஹான், இவர்தான் மெட்டுப் போட்டது. எங்க குழுவுக்குப் பேர் பதின்மூன்று. பேர் அந்தப் பூவுக்குப் பின்னால இருக்கு. இது பழைய பாட்டு இல்ல. எங்கட பாட்டு என்று சொன்னது, நாங்க நாலு பேரும் போட்ட பாட்டு என்றுதான். சொல்லத் தெரியாமச் சொல்லிட்டேன்."

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் நாகேந்திரத்தைத்தான் பார்த்தார்கள். அவர் மைக் இல்லாமலே கேட்டார். ஆனால் மண்டபம் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப இது நான் ரேடியோவிலை கேட்ட பாட்டில்லையோ?"

"இல்ல அங்கிள். போட்டு ரெண்டு வருசம்தான் ஆகுது."

"பொய் சொல்லாதை பிள்ளை. நான் கேட்டனான்."

"வேற யாராவது வீட்டுக் கல்யாணத்தில கேட்டிருப்பீங்க அங்கிள். அங்கேயும் நாங்கதான் வந்திருப்போம்."

சிலர் சிரித்தார்கள். நாகேந்திரம் சிரிக்கவில்லை. மனிதர் கோபிக்கவும் இல்லை. தலையைச் சரித்துக்கொண்டு, தனக்குள்ளேயே எதையோ தேடுகிற மாதிரி நின்றார்.

"அப்ப ஏன் பிள்ளை, எனக்குச் சின்னனிலை கேட்ட மாதிரியே கிடக்கு? கொப்பராணை, சத்தியமாய், ஐயாவோடை கோட்டை ஸ்டேசனிலை நிண்டதெல்லாம் ஞாபகம் வந்தது."

தன் பாட்டைப் பற்றி இதைவிடப் பெரிதாக ஒருத்தரும் சொன்னதில்லை, இனிச் சொல்லப்போவதும் இல்லை என்று ஷாமிலாவுக்குத் தெரிந்தது. கண்ணீர் வந்தது. அதை மறைக்கவும் அவள் மினக்கெடவில்லை.

நாகேந்திரம் கையை நீட்டி மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார். இரும்புக்கடையில் நாலு லொறியை ஒரே நேரத்தில் அனுப்புகிற குரல் அது.

"நான் சொன்னது பிழை. இந்தப் பாட்டைக் கட்டினது இந்தப் பிள்ளை, கொட்டாஞ்சேனை ஷாமிலா. மெட்டுப் போட்டது இவவின்ரை மனிசன் றொஹான். போன் பிடிச்ச ஆக்கள் எல்லாரும் முந்தினதை அழிச்சுப்போட்டு இதைப் பிடியுங்கோ." பிறகு மைக்கை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "முதலிலை இருந்து ஒருக்காப் படி பிள்ளை. இந்தமுறை ஆற்ரை பாட்டெண்டு தெரிஞ்சு கேப்பம்."

தூக்கின போன்கள் கீழே இறங்கி, விரல்கள் தட்டி, மறுபடி மேலே எழும்பின. றொஹான் நரம்பைச் சரிபார்த்துவிட்டுத் தலையசைத்தான். ஷாமிலா கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு முதல் வரியைத் தொடங்கினாள்.